டெத் துரையின் மைக்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், உப்பளங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்குகிற இடத்தில், பவளம் நகர் என்று சிமெண்டு வளைவில் பெயர் பொறித்த குடியிருப்பு ஒன்று இருந்தது. அந்த வளைவுக்குள் குடியிருந்தவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பட்டத்தைப் பெயர்ப்பலகையில் போட்டுக்கொண்டவர்கள், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை வாய் ஓயாமல் பேசுகிறவர்கள், அடுத்தவர் பேச ஆரம்பித்ததும் தாங்கள் என்ன பேசலாம் என்று யோசிக்கிறவர்கள். அந்த நகரில்தான், ஒரு ஐப்பசி மாத முற்பகலில், ஹெப்சிபாவின் புருஷன் சாமுவேல் துரை தன் கணினி விளையாட்டுக்கு மைக் பொருத்தினார். பொருத்திய மறுநொடி அவர் வீட்டு மின்விசிறியும், பக்கத்து வீட்டு மிக்ஸியும், தண்ணீர் மோட்டாரும், ஹெப்சிபாவும் சத்தமில்லாமல் போனார்கள்.

சாமுவேல் துரை ஒரு வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். ஓய்வு பெற்ற அன்று கேக் வெட்டிக்கொண்டே, இனிமேல் தோட்டம் போடப்போகிறேன், நல்ல புத்தகங்களாக வாசிக்கப்போகிறேன், வேதாகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து மறுபடியும் தொடங்கப்போகிறேன் என்றெல்லாம் சொன்னார். சொன்ன வாய் மூடுவதற்குள், ஆளில்லாத் தீவொன்றில் பாராசூட்டில் குதித்துக் கண்ணில் பட்டவரையெல்லாம் சுட்டுத்தள்ளுகிற ஆன்லைன் விளையாட்டில் போய் விழுந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தத் தீவில் அவருக்குப் பெயர் டெத் துரை. ஈரோட்டுக்காரன் ஒருவனும், துபாயில் ஏசி பழுதுபார்க்கிற ஒருவனும், குண்டூர்க்காரன் ஒருவனும் அவருடைய அணி. அவர்கள் அவரை இருபத்தேழு வயது இளைஞர் என்று நம்பி ப்ரோ ப்ரோ என்று உயிரை விட்டார்கள். கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நின்று பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மனிதர் இவர் என்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

கட்டிலிலிருந்து அவரை இறக்கிவிடுகிற ஹெப்சிபாவுக்குத் தெரியும். அவள் நாசரேத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் வாங்கி, கோயில் பாடகர் குழுவில் கல்யாணம் ஆகும்வரை பாடியவள். குரலில் ஒரு குறையும் கிடையாது. கீச்சென்றும் இருக்காது, முனகலாகவும் இருக்காது, சொல்ல வேண்டியதைத் தெளிவாகச் சொல்லி நிற்கிற குரல். அந்த வீட்டில் அவளுக்கு வாய் இருந்தது, காதுதான் கிடையாது. இத்தனை வருஷத்தில் புருஷனிடம் அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கிடைத்த பதில் "ம்" என்ற ஒன்றுதான். அதிலும் பாதி, தொலைக்காட்சியில் யாரோ சொன்னதற்குப் போட்ட "ம்" என்பது அவளுக்கு எப்போதோ விளங்கிவிட்டது. விளங்கிய நாளிலிருந்து அவளுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை, இளப்பம்தான் வந்தது.

ஒருநாள் தீவில் பலத்த சண்டை நடந்துகொண்டிருந்தபோது ஈரோட்டுக்காரன் சலித்துக்கொண்டான். "ப்ரோ, உங்க சைடுல மாவு மில்லுங்களா ஓடுது? எனிமி காலடிச் சத்தமே கேக்க மாட்டேங்குது ப்ரோ!"

"அது ஒண்ணுமில்ல ப்ரோ, இங்க ட்ராஃபிக் கொஞ்சம் ஹெவி," என்றார் துரை. ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது.

அவமானம் தாங்காமல் அன்றைக்கே மைக் ஒன்றுக்கு ஆர்டர் போட்டார். வந்தது பெரிய பெட்டி. மேசையில் கவ்விக்கொள்கிற இரும்புக் கை, அதன் நுனியில் கறுப்புப் பஞ்சுத் தொப்பி போட்ட மைக், அடியில் கண் சிமிட்டுகிற சிவப்பு விளக்கு. மெர்லின் பிறந்தபோது மகளைக் கையில் வாங்கவே பயந்த மனிதர், அந்த மைக்கைப் பெட்டியிலிருந்து இரண்டு கையாலும் எடுத்த எடுப்பைப் பார்த்து ஹெப்சிபா அடுப்படி வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் பார்க்கவில்லை.

மைக்கோடு வந்த நிரலைக் கணினியில் ஏற்றியதும் திரை அழகான தமிழில் பேசியது. முதலில், பேசுங்கள், கோடு பச்சையைத் தொடட்டும் என்றது. திரையின் ஓரத்தில் ஒரு கோடு. சிவப்பில் தொடங்கி, மஞ்சளில் ஏறி, பச்சையில் முடிகிறது. துரை சப்பரத்துக்கு முன்னால் மைக் பிடிக்கிறவரைப் போல "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கத்தவும் கோடு பச்சையைத் தாண்டி ஓடியது. அடுத்ததாகத் திரை சொன்னது: இப்போது யாரும் பேசாதிருங்கள். உங்களைச் சுற்றியிருக்கும் இரைச்சலை நான் கற்றுக்கொள்கிறேன். நான் கற்றுக்கொண்டது எதுவும் இனி இருக்காது.

துரை உதட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். தலைக்குமேல் மின்விசிறி கடகடத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பாக்கியவதியின் மிக்ஸி அலறியது. மாடிப்படிக்குக் கீழே மோட்டார் உறுமியது. அடுப்படி வாசலில் நின்று ஹெப்சிபா கேட்டுக்கொண்டிருந்தாள்: "மெர்லின் போன் பண்ணினா. பரீட்சை முடிஞ்சதும் வாரதுக்கு ரயில் டிக்கெட் போட்டுரவான்னு கேக்கா. போடச் சொல்லவா? என்னங்க, உங்களத்தான். போடச் சொல்லவா, வேண்டாமா?"

வேறு எந்த வீடாக இருந்தாலும் புருஷன் திரும்பி, கொஞ்சம் சும்மா இரு என்று ஓர் அதட்டாவது அதட்டியிருப்பான். துரை அதட்டவில்லை. மரியாதையினால் அல்ல. அவள் பேசுகிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மின்விசிறி சுற்றுவதைப்போல, மோட்டார் ஓடுவதைப்போல, அவள் பேசுவதும் அந்த வீட்டில் சும்மா இருக்கிறபோது இருக்கிற சத்தங்களில் ஒன்று. அறையில் ஒரு பேச்சும் இல்லை என்று அவர் மனதார நம்பினார். திரையும் நம்பியது. கற்றுக்கொண்டேன் என்றது. துரை சரி என்பதை அமுக்கினார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது, சத்தம் நின்றுவிட்டது. மிக்ஸி நின்றது போலிருந்தது, ஆனால் நிற்கவில்லை. ஹெப்சிபா "வேண்டாமா" என்பதில் பாதியைச் சொல்லி மீதியைச் சொன்னாள், அந்த மீதி வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமினாள், செருமல் கேட்கவில்லை. வெந்நீர் குடித்தாள். உப்புப்போட்டுக் கொப்பளித்தாள். அப்புறம் தலையைத் தூக்கி, ஓசையில்லாமல் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், புருஷனின் முதுகைப் பார்த்தாள். கணக்குப் படித்தவள் இல்லையா, விடை உடனே கிடைத்துவிட்டது. கிடைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"ப்ரோ! இப்போ செம்ம க்ளியருங்க ப்ரோ!" என்றான் ஈரோட்டுக்காரன். டெத் துரை அன்று தீவில் கண்டமேனிக்குச் சுட்டார்.

வீட்டில் ஒரு குரல் குறைந்திருப்பது அவருக்கு மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது, அதுவும் சோறு ஆறிப்போனதனால். "சாப்பாடு வச்சா கூப்பிடமாட்டியா ஹெப்சி?" என்றார். அவள் வாயைத் திறந்து, கூப்பிட்டேன் கூப்பிட்டேன் என்று அசைத்துக் காட்டினாள். அவர் அவள் வாயைப் பார்த்தார், பிறகு மேலே மின்விசிறியைப் பார்த்தார், மறுபடி வாயைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. கல்யாணப் புகைப்படத்தில்கூட அப்படி மலர்ந்ததில்லை.

"நாய்ஸ் கேன்சலேஷன்னா இதுல்லா நாய்ஸ் கேன்சலேஷன்!" என்றார், எச்சில் கையோடு எழுந்துபோய் மைக்கின் பஞ்சுத் தொப்பியைத் தட்டிக்கொடுத்தார்.

செய்தி சாயங்காலத்துக்குள் பவளம் நகர் முழுக்கப் பரவியது. யாரும் மிரளவில்லை. பாக்கியவதியின் வீட்டில்தான் கூட்டம். வருகிறவர்கள் எல்லாரும் மிக்ஸியில் காதை வைத்துப் பார்த்தார்கள், மூடியைத் திறந்து தேங்காய் அரைபட்டிருக்கிறதா என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார்கள், என்ன கம்பெனி மைக் என்று கேட்டுப் போனில் குறித்துக்கொண்டார்கள். அடுத்த வாசலில் நிற்கிற ஹெப்சிபாவையும் போகிறபோக்கில் ஒரு பார்வை பார்த்தார்கள். ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர், குரல்நாணுக்கு ஓய்வு நல்லதுதான், அமெரிக்காவில் இதற்குப் பணம் கட்டிப் போகிறார்கள் என்றார். சபை ஊழியம் செய்கிற ஓர் அம்மா, அடக்கமுள்ள ஸ்திரீக்கு இது ஓர் ஆசீர்வாதம் என்று சொல்லி அவள் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனாள். ஹெப்சிபா அந்தக் கையை எடுத்து அப்பால் போட்டாள்.

நலச்சங்கச் செயலாளர் தங்கபாண்டி அண்ணாச்சி நேரிலேயே வந்தார். எந்த விழாவிலும் நன்றியுரை சொல்ல எழுந்தாரென்றால் பந்தியில் இலை காய்ந்துவிடும், அப்பேர்ப்பட்ட பேச்சாளர். அவர் ஹெப்சிபாவைக் காட்டிப் பாக்கியவதியிடம் கேட்டார்: "மைனிக்கும் சத்தம் போயிட்டுன்னு சொல்லுதாங்களே, நிசமா?"

"ஆமா அண்ணாச்சி," என்றாள் பாக்கியவதி. "ஆனா மைனி முந்தியும் அப்படி ஒண்ணும் பேசமாட்டாவ. நமக்கு வித்தியாசமே தெரியல பாத்துக்கிடுங்க."

இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில்மேல் முழங்கையை ஊன்றி, தினமும் காலையில் ஹெப்சிபாவோடு அரைமணி நேரம் பேசியவள் பாக்கியவதி. இப்போதுதான் ஹெப்சிபா யோசித்துப் பார்த்தாள்: அந்த அரைமணி நேரமும் பேசியது யார்? இரண்டு பேரும்தான் பேசினார்கள். கேட்டது ஒரே ஒருத்தி. இவர்களிடம் திருப்பிப் பேசத்தானா இந்தக் குரலுக்காக ஏங்குகிறேன் என்று அவளுக்கு வெறுப்பாக வந்தது.

ஆனால் மெர்லின் இருந்தாள். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருக்கிற மகள், பேச்சைக் கேட்கிற ஒரே காது. ஞாயிற்றுக்கிழமை அவள் அழைத்தபோது ஹெப்சிபா போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா? அம்மா, என்னம்மா ஆச்சு, பேசும்மா." மகளின் குரல் உடைந்தது. ஹெப்சிபா நகத்தால் போனைத் தட்டினாள், முத்தம் கொடுத்தாள், முத்தத்துக்கும் சத்தமில்லை. துரை வந்து போனை வாங்கி, "அம்மைக்குத் தொண்டை கட்டியிருக்கு. வேற ஒண்ணுமில்ல, நீ படி," என்று சொல்லி வைத்தார். அன்றைக்கு ஹெப்சிபா அழுதாள். அழுகைக்குக்கூட ஓசை இல்லாமல் போனது அவளுக்கே அசிங்கமாக இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்ததையெல்லாம் மகளுக்குச் செய்தியாகத் தட்டி அனுப்பினாள். மெர்லின் உடனே பதில் போட்டாள்: அப்பா சிஸ்டத்துல அந்த மைக் செட்டிங்ஸ்குள்ள போம்மா, பழையபடி ஆக்குன்னு ஒரு பட்டன் இருக்கும், அமுக்கு. துரை முடிவெட்டப் போன நேரம் பார்த்து ஹெப்சிபா மேசைமுன் உட்கார்ந்தாள். பட்டன் இருந்தது. அமுக்கினாள். திரை சொன்னது: மாற்றத்தை ஏற்க, பேசுங்கள். கோடு பச்சையைத் தொடட்டும்.

அவள் பேசினாள். கத்தினாள். கழுத்து நரம்பு புடைக்க, மேசையைப் பிடித்துக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். கோடு சிவப்பின் அடியில் செத்த பூரானாகக் கிடந்தது. மைக்கைப் பிடுங்கிப் போட்டுப் பார்த்தாள், அப்போதும் மின்விசிறி ஊமையாகவே சுற்றியது. உடைக்கலாம் என்று கையை ஓங்கினாள். உடைத்தபின் குரல் எங்கே இருந்து வரும் என்ற பயத்தில் ஓங்கிய கையை இறக்கினாள்.

மதிலுக்கு ஓடிப்போய்ப் பாக்கியவதியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். மைக்கைக் காட்டினாள், திரையில் இருந்ததை விரல்வைத்துக் காட்டினாள், பாக்கியவதியின் வாயைக் காட்டினாள், ஒரே ஒரு வார்த்தை என்று விரலைத் தூக்கினாள். பாக்கியவதி திரையை இரண்டுதரம் படித்தாள். விஷயம் புரிந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சன்னமாகச் சொன்னாள்: "மைனி, தப்பா நெனைக்காதீங்க. மிக்ஸி சத்தமில்லாம ஓடுறதுல எங்க மாமியாருக்கு நான் அரைக்கதே தெரியமாட்டேங்கு. நெனச்ச நேரம் தேங்காச் சட்னி அரைச்சுத் திங்கேன் மைனி. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இப்பதான் எனக்கு ஒரு விடுதல." சொல்லிவிட்டு, மைக்குக்குக் கேட்டுவிடக்கூடாதென்று மெல்ல அடியெடுத்து வைத்து வெளியே போனாள்.

ஒரு பெண்ணின் குரலை எடைத்தட்டில் ஒரு பக்கமும் ஒரு கிண்ணம் சட்னியை மறுபக்கமும் வைத்தால் பவளம் நகரில் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பதை ஹெப்சிபா அன்று பார்த்தாள்.

புருஷனிடம் எழுதியே கேட்டாள். நாட்காட்டித் தாளைக் கிழித்து, என் குரல் வேண்டும் என்று பெரிதாக எழுதி அவர் விசைப்பலகைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துப் படித்து, ஓரமாக வைத்து, "சீசன் முடியட்டும் ஹெப்சி," என்றார். "கடைசி வாரம். இப்ப போய் மைக்கை நோண்டி ரேங்க் இறங்கிட்டுன்னா யாரு பொறுப்பு? பசங்க என்னைய நம்பி இருக்கானுவ." சற்று இளகியவர் போல் மேலும் சொன்னார்: "எனக்கும் இது கஷ்டம்தான், பாத்துக்க. நீ எங்க இருக்கன்னே தெரியமாட்டேங்கு."

சீசன் முடிந்த வாரத்தில் பவளம் நகருக்கு ஆசை முற்றியது. மிக்ஸிக்கும் பெண்டாட்டிக்கும் கிடைத்த அருள் மற்றவற்றுக்கும் ஏன் கிடைக்கக்கூடாது? துரையின் வாசலில் வரிசை நின்றது. ஒருவருக்கு மேல்மாடிக் குழந்தையின் தாளப் பயிற்சி போகவேண்டும். ஒருத்திக்குப் புருஷனின் குறட்டை. ஒருவருக்கு மாமனாரின் இருமல். இன்னொருவருக்கு எதிர்வீட்டு நாய். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் துரையைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், தன் அண்ணன் சொத்தில் பங்கு கேட்கிற பேச்சை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவரவர் குரல் மட்டும் அவரவருக்குத் தேன். மற்றதெல்லாம் இரைச்சல்.

தங்கபாண்டி அண்ணாச்சி அவசரக் கூட்டம் போட்டுத் திட்டத்தை விளக்கினார். "துரை தம்பி என்ன சொல்லுதாருன்னா, மைக்கு ஒரு தடவ ஒரு பதிவுதான் வச்சிக்கிடும். புதுசா பதிஞ்சா பழசு அழிஞ்சிரும். அதனால எல்லாரும் அவங்கவங்க சத்தத்தை ஒரே நேரத்துல, ஒரே இடத்துல கொண்டாந்துரணும். வர்ற ஞாயித்துக்கிழம, ஆராதனை முடிஞ்சு, சங்கத்து ஹால்ல. பதிஞ்சதும் பாஸ்வேர்டு போட்டுருவோம். பெறகு எவனும் கைவைக்க முடியாது." கைதட்டல் எழுந்தது.

துரை வீட்டுக்கு வந்து சொன்னார்: "நீயும் வந்து முன்னால நிக்கணும் ஹெப்சி. இல்லன்னா பழசு அழியுதப்போ உன் சத்தம் திரும்பி வந்திரும். பாக்கியவதியும் மிக்ஸியத் தூக்கிட்டு வாராங்க. நம்ம வீட்டு ஃபேனையும் கழட்டிட்டு வாரேன். பதிஞ்சதும் பாஸ்வேர்டு போட்டிருவோம்."

பாஸ்வேர்டு என்ற சொல் முதலில் ஹெப்சிபாவைப் பயமுறுத்தியது. அப்புறம் அவர் சொன்னதை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சத்தமில்லாத மிக்ஸியை முன்னால் வைத்து எந்தச் சத்தத்தைப் பதிவார்கள்? குரலில்லாத தன்னை நிறுத்தி எந்தக் குரலைப் பிடிப்பார்கள்? எம்.காம், பி.இ, எம்.பி.பி.எஸ் என்று பலகை மாட்டிய ஊரில் ஒருவர் மூளையிலும் இது உதிக்கவில்லை. அவள் சரி என்று தலையாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை, மெர்லின் முன்பு எடுத்துக்கொடுத்த நீலப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, புருஷனுக்கு முன்னால் நடந்து போனாள்.

ஹால் நிறைந்திருந்தது. குறட்டைக்காரரைப் பெஞ்சில் படுக்கவைத்து விசிறிவிட்டார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை. இருமல் மாமனாருக்கு அன்றைக்கென்று பார்த்து இருமல் இல்லை. நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாரையும் பிரியமாகப் பார்த்தது. யாரும் யாரையும் உண்மை சொல்லி அழைத்து வரவில்லை. தங்கபாண்டி அண்ணாச்சியைத் தொடக்க உரைக்கென்று பொருளாளர் அழைத்திருந்தார், பொருளாளரை வரவேற்புரைக்கென்று அண்ணாச்சி அழைத்திருந்தார். துரை கணினியை மேசையில் வைத்து, இரும்புக் கையை நிமிர்த்தி, கழற்றிவந்த மின்விசிறியைக் கொக்கியில் மாட்டிச் சுற்றவிட்டார். பாக்கியவதி மிக்ஸியைத் திருகினாள். ஹெப்சிபா மைக்குக்கு நேர் எதிரே, உதட்டை இறுக்கி நின்றாள்.

துரை முதலில் ஹலோ சொல்லிக் கோட்டைப் பச்சைக்கு ஏற்றியதும், இப்போது யாரும் பேசாதிருங்கள் என்றது திரை.

"யாரும் பேசாதீங்க!" என்று கத்தினார் துரை. "சத்தம் போட வேண்டியவங்க மட்டும் போடுங்க!"

"அமைதி! அமைதி காக்கணும்!" என்று முழங்கினார் தங்கபாண்டி அண்ணாச்சி. "அண்ணாச்சி, நீங்க மொதல்ல பேசாதீங்க," என்றார் பொருளாளர். "ஓய், நீரு இருமும், இருமித்தொலையும்," என்றாள் மருமகள். "என்னத்துக்கு என்னையக் கூட்டிட்டு வந்திய, நான் என்ன இரைச்சலா?" என்று மாமனார் எழுந்தார். குறட்டைக்காரர், யாரைப் பார்த்து இரைச்சல் என்கிறாய் என்று பெண்டாட்டியைக் கேட்டார். வெள்ளைச் சட்டைக்காரரும் அண்ணனும் சொத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். பாக்கியவதி எல்லாரையும் பார்த்து உஸ் உஸ் என்றாள், சபை ஊழியக்கார அம்மா உரக்க ஜெபித்தாள், அடுத்தவன் வாயை அடைப்பதற்காக ஒவ்வொருவரும் தன் வாயை அகலத் திறந்தார்கள். பேசாமல் இருந்தது, பேச முடியாத ஹெப்சிபாவும், பேச ஆசையில்லாத நாயும்தான்.

கற்றுக்கொண்டேன் என்றது திரை. துரை, பழக்கதோஷத்தில், சரி என்பதை அமுக்கினார்.

மிக்ஸி அலறியது. மின்விசிறி கடகடத்தது. மனிதச் சத்தம் ஒன்றுகூட அந்த ஹாலில் இல்லை. திறந்த வாய்கள் திறந்தபடி அசைந்தன, கைகள் பறந்தன, அண்ணாச்சியின் கழுத்தில் நரம்பு எழும்பி எழும்பி அடங்கியது. நாய் மிரண்டு ஒருமுறை குரைத்தது.

ஹெப்சிபா தொண்டையைச் செருமினாள். கேட்டது. "மெர்லின்," என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் கேட்டது. காணாமல்போன சாவி இடுப்புச் சேலையிலேயே கிடைத்ததுபோல் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேறு யாரையும் பார்க்காமல் போனை எடுத்து மகளை அழைத்தாள்.

"மெர்லின், அம்மா பேசுதேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை மட்டும் கேட்டது. "வந்துட்டாம்மா? குரல் வந்துட்டா? அங்க என்னம்மா ஒரே மிக்ஸி சத்தம்?"

"சங்கத்துல கூட்டம். நீ டிக்கெட்டப் போட்டிரு, யார்ட்டயும் கேக்க வேண்டாம். கொஞ்சம் வேல கெடக்கு, முடிச்சிட்டுக் கூப்பிடுதேன்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு மிக்ஸியை நிறுத்தினாள்.

அதற்குள் துரை பழையபடி ஆக்குகிற பட்டனை அமுக்கியிருந்தார். திரை, பேசுங்கள், கோடு பச்சையைத் தொடட்டும் என்றது. துரை வாயைத் திறந்தார், கோடு அசையவில்லை. அண்ணாச்சி அவரைத் தள்ளிவிட்டுத் தன் பெரிய வாயைத் திறந்தார், அசையவில்லை. யாரோ நாயைத் தூக்கிக் காட்டினார்கள், அது குரைத்தது, திரை அதைப் பேச்சாக ஏற்கவில்லை. வெளியாள் ஒருவரை அழைத்து வரலாம்தான், என்ன சொல்லி அழைப்பது, எந்த வாயால் சொல்லுவது? கடைசியில் ஒருவர்பின் ஒருவராக ஹால் முழுவதும் ஹெப்சிபாவின் பக்கம் திரும்பியது.

துரை இரும்புக் கையை வளைத்து, மைக்கை அவள் வாயருகே கொண்டுவந்தார். உயரம் சரியா என்று குனிந்து பார்த்தார். நாற்காலி போட்டார், மேலே படிந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பிறகு எதிரில் முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் உதடுகளைப் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து ஹெப்சிபா கண்டதில்லை. கண் இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடுத்து அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பதிலேயே உயிரை வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் பவளம் நகர் மொத்தமும் அதேபோல் காத்திருந்தது. இது அன்பில்லை என்று அவளுக்குத் தெரியும். இவர்களிடம் அதை எதிர்பார்க்கிற காலமும் போய்விட்டது. ஆனால் இது கேட்பது. இவர்களைக் கேட்கவைக்க இந்த ஒரு வழிதான் உண்டு என்றால், இந்த வழி போதும்.

ஒரு ஹலோ போதும், கோடு பச்சையைத் தொட்டுவிடும். தன் குரல் எவ்வளவு உயரும் என்பது பாடகர் குழுவில் நின்றவளுக்குத் தெரியாதா? ஹெப்சிபா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற நிதானமான குரலில் தொடங்கினாள்.

"நான் பொறந்தது நாசரேத்து. எங்க அப்பா பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர்."

கோடு சிவப்பைத் தாண்டி மஞ்சளில் ஏறியது, பச்சைக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது. கூட்டம் முழுவதும் முன்னால் சாய்ந்தது. எந்தச் சொல்லில் அது மேலே தாவும் என்று யாருக்கும் தெரியாததனால் ஒரு சொல்லைக்கூட விடமுடியவில்லை அவர்களால். அவள் தன் அப்பா வரைந்த படகுகளைப் பற்றிச் சொன்னாள், அண்ணாச்சி தலையாட்டினார். ஓடையில் விழுந்து கையொடிந்ததைச் சொன்னாள், பாக்கியவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கணிதத்தில் மேலே படிக்க இடம் கிடைத்தும் வீட்டில் அனுப்பாததைச் சொன்னாள், துரை புருவத்தைச் சுருக்கினார். அது அவருக்குப் புதிய செய்தி. ஜன்னலில் வெயில் சாய்ந்தது. குழந்தைகளுக்குப் பசித்தது. கோடு மஞ்சளிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. துரை இரண்டு கைகளையும் கூப்பி, கொஞ்சம் சத்தமாக என்று கட்டைவிரலை மேலே மேலே உயர்த்திக் காட்டினார்.

ஹெப்சிபா அவரைப் பார்த்தாள். குரலை ஓர் இழைகூட உயர்த்தவில்லை.

"பொறுங்க," என்றாள். "இன்னும் கல்யாணத்துக்கே வரல."